மேல்காற்று கீழே, கீழ்காற்று மேலே

8 ஜூலை 2025, மாலை (பாலக்கோட்டு வாசகர் ஒருவரின் கேள்வி)

பூமி மேற்கிலிருந்து கிழக்காகச் சுழல்கிறது, நம் பகுதியில் தரை மணிக்கு 1,600 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது என்று படித்திருக்கிறோம். அப்படியானால் தரையோடு ஒட்டாமல் மிதக்கும் மேகம் பின்தங்கிப்போய் எப்போதும் மேற்கு நோக்கித்தானே நகர வேண்டும்? இந்த ஆனிக் கடைசியில் எங்கள் ஊரில் நின்று பார்த்தால் மேகங்கள் எல்லாம் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுகின்றன. ஒன்று பூமி சுழலவில்லை, அல்லது புத்தகத்தில் திசை மாறி அச்சாகியிருக்கிறது. எது சரி?

8 ஜூலை 2025, இரவு

இரண்டும் இல்லை. தருமபுரியிலிருந்து ஓசூர் போகும் பேருந்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு ஒரு நாணயத்தை மேலே சுண்டிப் பாருங்கள். பேருந்து 90 கிலோமீட்டர் வேகத்தில் போனாலும் நாணயம் உங்கள் கைக்கே திரும்பி வரும், பின் இருக்கைக்காரரின் மடியில் விழாது. மேகமும் அப்படித்தான். பூமி தன் காற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு சுழல்கிறது.

உங்கள் கேள்வி மிகப் பழையது என்பதில் நீங்கள் பெருமைப்படலாம். 499 ஆம் ஆண்டில் ஆரியபட்டர், ஓடத்தில் போகிறவனுக்குக் கரையிலுள்ள மரங்கள் பின்னே போவதுபோலத் தெரிவதைக் காட்டி, விண்மீன்கள் மேற்கே நகர்வதும் அத்தகைய தோற்றமே என்றார். அடுத்த நூற்றாண்டில் வராகமிகிரர், பூமி சுழன்றால் வானில் பறக்கும் பருந்து எப்படித் தன் கூட்டுக்குத் திரும்பும் என்று மறுத்தார். எட்டாம் நூற்றாண்டு வானியலாளர் லல்லர் இன்னும் இரண்டைச் சேர்த்தார்: பூமி கிழக்கே சுழன்றால் மேலே எய்த அம்பு மேற்கே விழ வேண்டும், மேகமும் மேற்கே மட்டுமே போக வேண்டும். பாலக்கோட்டுக் கேள்வியும் லல்லர் கேள்வியும் ஒன்றுதான்.

சுழலும் தரையில் பின்தங்கி நிற்க முடியுமானால் நமக்கு எவ்வளவு வசதி என்று கணக்கிட்டுப் பார்த்தேன். ஒரு பாகை நகர பூமிக்கு 4 நிமிடம் ஆகிறது. கிருஷ்ணகிரியில் ஒரு கூடையில் அமர்ந்து அந்தரத்தில் எழும்பி நின்றால், ஏறத்தாழ அதே அட்சரேகையில் உள்ள காசர்கோடு 13 நிமிடத்தில் காலடிக்கு வந்துவிடும். வழியில் சுங்கச்சாவடியும் கிடையாது.

9 ஜூலை 2025

நேற்று எழுதியதில் ஒரு சொல் தவறு. "இழுத்துக்கொண்டு" என்று எழுதினேன். அதைப் படித்த ஒருவர், பூமி எதைக் கொண்டு இழுக்கிறது, கயிறா என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. பேருந்து நாணயத்தை இழுப்பதில்லை. நாணயத்திடம் அந்த வேகம் முன்பே இருக்கிறது, அதைப் பறிக்க எதுவும் இல்லாததால் அது அப்படியே தொடர்கிறது. காற்றும் பூமியோடு பிறந்து பூமியோடு சுழன்றுகொண்டிருப்பது. எப்போதாவது அது தரையைவிட வேகமாகவோ மெதுவாகவோ போனால், மலையும் மரமும் கடல் அலையும் உராய்ந்து அந்த வேறுபாட்டைக் குறைத்துவிடுகின்றன. காற்று என்று நாம் சொல்வது மிஞ்சி நிற்கும் அந்தச் சிறு வேறுபாட்டைத்தான். தரையின் வேகம் மணிக்கு 1,635 கிலோமீட்டர் என்றால், மேற்கிலிருந்து 40 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் ஆடிக்காற்றின் உண்மையான வேகம் 1,675. அம்மியைப் பறக்கவைக்கும் என்று பழமொழி சொல்லும் காற்று பூமியை முந்துவது அவ்வளவுதான்.

இந்த உராய்வு இருபுறமும் வேலை செய்கிறது என்பதை யாரும் நினைப்பதில்லை. மேற்கிலிருந்து வீசும் காற்றுகளின் மொத்த வலிமை உலக அளவில் கூடும்போது பூமியின் சுழற்சி சற்றே தளர்கிறது. நாளின் நீளம் பருவத்துக்குப் பருவம் ஒரு மில்லி நொடி அளவில் மாறுகிறது. இழுப்பது பூமி மட்டும் இல்லை.

13 ஜூலை 2025

கோட்பாட்டைவிட நல்ல விடை ஒன்று என் வீட்டு மொட்டை மாடியிலேயே இருந்தது. இத்தனை ஆண்டுகளாகப் பார்த்திருந்தும் நேற்றுவரை அதை இந்தக் கேள்வியோடு சேர்த்து நினைக்கவில்லை.

காவேரிப்பட்டணத்துக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சிறிய மாந்தோப்பு இருக்கிறது. ஆனி, ஆடி மாதங்களில் பகல் முழுதும் தாழ்ந்த மேகத் திரள்கள் மேற்கிலிருந்து வந்துகொண்டே இருக்கும். மழை தராது, நிழலை மட்டும் தோப்பின் மேல் ஓட்டிச் செல்லும். நேற்று மாலை அந்தத் திரள்களுக்கிடையே பெரிய இடைவெளி விழுந்தபோது, மிக உயரத்தில் பஞ்சு பிரித்ததுபோன்ற கீற்று மேகங்கள் தெரிந்தன. வெறும் கண்ணுக்கு அவை அசையாதவைபோலத் தோன்றும். தென்னை மட்டையின் நுனிக்கு நேராக ஒரு கீற்றை வைத்துக்கொண்டு, தலையை அசைக்காமல் சில நிமிடங்கள் காத்திருந்தேன். கீற்று மட்டையின் மேற்குப் பக்கம் போய்விட்டது. அதாவது, கீழ் மேகம் கிழக்கே ஓடுகிறது. அதே நேரத்தில் மேல் மேகம் மேற்கே போகிறது.

பூமியின் சுழற்சியால் மேகம் பின்தங்குவதாக இருந்தால் இரண்டும் ஒரே பக்கம் போக வேண்டும். ஒரே வானத்தில் இரண்டு எதிரெதிர்த் திசைகள் இருக்கும்போது லல்லரின் வாதம் அந்த மாடியிலேயே முடிந்துவிடுகிறது. ஆடியில் மேகம் விலகும் வேளையில் யாரும் இதைச் செய்து பார்க்கலாம். செலவு ஒரு கழுத்துவலி.

14 ஜூலை 2025

பென்னாகரத்திலிருந்து ஒரு நண்பர், "கீழ் மேகம், மேல் மேகம் என்று எழுதியிருக்கிறீர்கள், கீழ் என்றால் கிழக்கா, தாழ்வா?" என்று கேட்கிறார். தமிழில் இது நல்ல சிக்கல். மேல் என்றால் மேற்கும் உண்டு, உயரமும் உண்டு. கீழ் என்றால் கிழக்கும் உண்டு, தாழ்வும் உண்டு. மேற்கே மலையும் கிழக்கே கடலுமாகச் சரிந்து கிடக்கும் நாட்டுக்கு அந்தச் சொற்கள் பொருத்தமானவைதான். ஆனால் ஆடி மாதத்து வானத்துக்குப் பொருந்தவில்லை. அப்போது மேல்காற்று கீழே வீசுகிறது, கீழ்காற்று மேலே வீசுகிறது. இந்த இழைக்கு அதையே தலைப்பாக மாற்றிவிட்டேன்.

15 ஜூலை 2025

அந்த மேலேயுள்ள காற்று மெதுவானது என்று சிலர் எண்ணிக்கொண்டிருப்பதாகத் தெரிகிறது. என் எழுத்துதான் காரணம். தாழ்ந்த மேகம் ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 15 மீட்டர் போவதாகவும், கீற்று மேகம் 14 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 35 மீட்டர் போவதாகவும் வைத்துக்கொண்டால், கண்ணுக்குக் கீழ் மேகம் நான்கு மடங்கு வேகமாகத் தெரியும். உண்மையில் மேலுள்ளதுதான் வேகம். மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும் இந்தக் கிழக்கத்திய ஜெட் காற்று, தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் தென்னிந்தியாவுக்கு மேலாக அரபிக் கடலைக் கடந்து ஆப்பிரிக்கா வரை நீள்கிறது. இதைப் பற்றி நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம் 1958 இல் விரிவாக எழுதினார்.

19 ஜூலை 2025

பாலக்கோட்டு வாசகரை முதல் நாள் நான் அவசரப்பட்டு மறுத்துவிட்டேன் என்று இப்போது தோன்றுகிறது. மேகம் 1,600 கிலோமீட்டர் வேகத்தில் பின்தங்காது என்பது சரி. ஆனால் "பின்தங்குதல்" என்ற எண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது.

எல்லா இடத்திலும் தரை ஒரே வேகத்தில் ஓடவில்லை. நிலநடுக்கோட்டில் மணிக்கு 1,674 கிலோமீட்டர், 30 பாகையில் ஏறத்தாழ 1,450. ஆகவே 30 பாகையிலிருந்து நிலநடுக்கோட்டை நோக்கி வரும் காற்று, தான் புறப்பட்ட இடத்துக் குறைந்த வேகத்தோடு வேகமான தரைக்கு வந்து சேர்கிறது. அங்கே அது பின்தங்குகிறது, கிழக்கிலிருந்து வீசுவதுபோலத் தெரிகிறது. கப்பல்காரர்கள் நம்பியிருந்த வியாபாரக் காற்றுகளுக்கு 1735 இல் ஜார்ஜ் ஹாட்லி தந்த விளக்கம் இதுதான்.

இதையே தலைகீழாக்கினால் நம் ஆடிக்காற்று கிடைக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று தெற்கு அரைக்கோளத்தில் புறப்பட்டு, ஆப்பிரிக்கக் கரையோரமாக நிலநடுக்கோட்டைத் தாண்டி வடக்கே ஏறுகிறது. நிலநடுக்கோட்டின் வேகத்தைச் சுமந்துகொண்டு கிருஷ்ணகிரியின் மெதுவான தரைக்கு வரும் காற்று, ஹாட்லியின் கணக்குப்படி தரையை மணிக்கு 39 கிலோமீட்டர் முந்த வேண்டும். முந்துவது என்றால் மேற்கிலிருந்து கிழக்கே ஓடுவது. எனவே ஆடி மேகம் கிழக்கே ஓடுவதற்குப் பூமியின் சுழற்சியே ஒரு காரணம். கேட்டவர் எதைச் சுழற்சிக்கு எதிரான சாட்சியாகக் கொண்டுவந்தாரோ, அது சுழற்சியின் சாட்சியாக நிற்கிறது.

ஹாட்லியின் கணக்கிலும் ஓட்டை உண்டு. மூங்கில் குழாய் ஒன்றின் வழியே கயிற்றை விட்டு, நுனியில் கல்லைக் கட்டித் தலைக்கு மேல் சுழற்றிக்கொண்டே கயிற்றைக் கீழே இழுத்தால், வட்டம் குறுகக் குறுகக் கல் தன் பழைய வேகத்தையும் தாண்டி வேகமெடுக்கும். வடக்கே போகும் காற்றும் பூமியின் அச்சை நெருங்குவதால் அப்படியே வேகமெடுக்கிறது. அதைச் சேர்த்தால் விடை 39 இல்லை, ஏறத்தாழ 79. நடைமுறையில் அவ்வளவு வராததற்கு வழியிலுள்ள உராய்வும் அழுத்த வேறுபாடுகளும் காரணம். இன்னொன்று, வடக்கு தெற்காகப் போகும் காற்றை மட்டுமே ஹாட்லி பார்த்தார். கிழக்கு மேற்காகப் போகும் காற்றும் திரும்பும். சுழலும் எந்திரங்களை ஆராய்ந்த கொரியோலிஸ் 1835 இல் தந்த கணிதம்தான் எல்லாத் திசைக்கும் பொருந்துகிறது: வடக்கு அரைக்கோளத்தில் ஓடும் எதுவும், எந்தத் திசையில் ஓடினாலும், தன் வலப்பக்கம் திரும்பப் பார்க்கும்.

"எதுவும்" என்றால் ஓசூர்ப் பேருந்துமா? ஆம். 90 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடும் பேருந்து, சாலையைப் பற்றிக்கொள்ளச் சக்கரம் இல்லாவிட்டால், ஏறத்தாழ 5 கிலோமீட்டர் வலப்பக்கம் விலகியிருக்கும். தொப்பூர்க் கணவாயில் வண்டிகள் தடம் மாறுவதற்கு இதைக் காரணமாகச் சொல்லித் தப்பிக்க முடியாது. அங்கே சரிவும் வளைவும் வேகமும் போதும். காற்றுக்குச் சக்கரம் இல்லை என்பதே வேறுபாடு.

20 ஜூலை 2025

ஒரு குற்ற ஒப்புதல். என் மகள் சிறுவயதில் கை கழுவும் தொட்டியில் தண்ணீர் சுழித்து இறங்குவதைக் காட்டி ஏன் என்று கேட்டபோது, பூமி சுழல்வதால் என்று சொல்லி வைத்தேன். அவள் அதைப் பள்ளியில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிட்டாள்.

தண்ணீர் நொடிக்குப் பத்து சென்டிமீட்டர் வேகத்தில் பத்து நொடி ஓடினால், நம் அட்சரேகையில் கொரியோலிஸ் விலக்கம் ஒரு மில்லிமீட்டரில் ஆறில் ஒரு பங்குதான். குழாயிலிருந்து தண்ணீர் விழுந்த விதமும் தொட்டியின் வடிவமும் அதைவிடப் பலமடங்கு பெரியவை. அந்தச் சிறு விலக்கத்தைக் காணவே முடியாது என்று சொல்வதும் தவறு. 1962 இல் அமெரிக்காவில் ஆஷர் ஷபிரோ ஆறடி அகலத் தொட்டியில் நீர் நிரப்பி, 24 மணி நேரம் அசையாமல் விட்டு, பிறகு நடுவிலுள்ள சிறு துளையைத் திறந்து, நீர் இடஞ்சுழியாக இறங்குவதைக் காட்டினார். நம் வீட்டில் 24 மணி நேரம் யாரும் தொடாத தொட்டி இருந்தால் அது குழாயில் தண்ணீர் வராத நாளாகத்தான் இருக்கும்.

மகளிடம் நேற்றுத் தொலைபேசியில் உண்மையைச் சொன்னேன். மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுக்க முடியாது என்று சொல்லிவிட்டாள்.

26 ஜூலை 2025

அரூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர், தம் 100 அடிக் கிணற்றின் நடுவில் கல்லைப் போட்டால் சுழற்சியால் எந்தச் சுவரை நோக்கி விலகும் என்று கேட்கிறார். விழும் நேரத்தில் பூமி கிழக்கே நகர்ந்துவிடுவதால் கல் ஒரு மயிரிழை மேற்கே விலகும்.

27 ஜூலை 2025

மேலே எழுதியது முழுத் தவறு. இருபது நாளாக எந்த எண்ணத்தை மறுத்துக்கொண்டிருந்தேனோ அதையே அரைத்தூக்கத்தில் நானே எழுதியிருக்கிறேன். அழிக்காமல் விடுகிறேன்.

கிணற்றின் வாய் பூமியின் அச்சிலிருந்து அடிப்பகுதியைவிட 100 அடி தள்ளி இருக்கிறது. ஆகவே வாயின் கிழக்கு வேகம் அடியின் வேகத்தைவிடச் சற்று அதிகம். அந்த அதிகத்தோடு விழும் கல் அடிப்பகுதியை முந்துகிறது, கிழக்கே விலகுகிறது. கணக்குப் போட்டால் மூன்றரை மில்லிமீட்டர். காற்றின் தடையும் கையின் நடுக்கமும் இதைவிடப் பெரியவை என்பதால் கிணற்றில் யாரும் கல்லைப் போட்டுத் தூர்க்க வேண்டாம்.

இந்தக் கணக்கைப் போடும்போது வேறொன்று அகப்பட்டது. அதே 100 அடி உயரத்துக்குச் செங்குத்தாக எய்த அம்பு மேலே ஏறும்போது தரையைவிடப் பின்தங்கத் தொடங்கி, இறங்கி முடியும்வரை பின்தங்கியே இருக்கிறது. அது விழுவது மேற்கே, கிணற்றுக் கல்லைவிட நான்கு மடங்கு, அதாவது ஏறத்தாழ ஒன்றரை சென்டிமீட்டர். பூமி சுழன்றால் அம்பு மேற்கே விழ வேண்டும் என்று லல்லர் சொன்னது உண்மையிலேயே நடக்கிறது! அவர் எதிர்பார்த்தது காத தூரம், கிடைப்பது விரல் அகலம். முதல் நாள் அவரைக் கேலி செய்த தொனியில் எழுதியதற்கு வருந்துகிறேன்.

3 ஆகஸ்ட் 2025, ஆடிப் பதினெட்டு

ஒகேனக்கல் போயிருந்தோம். நம் தலைக்கு மேலே மழை பெய்யாமல் ஓடும் இதே காற்று, வரும் வழியில் குடகிலும் வயநாட்டிலும் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறும்போது கொட்டிவிட்டுத்தான் வருகிறது. அதன் ஒரு பங்கு அணைகளைக் கடந்து ஒகேனக்கல் பாறைகளில் வந்து விழுகிறது. மேகம் குறுக்கு வழியிலும் தண்ணீர் சுற்று வழியிலும் வருகின்றன.

கூட்டத்தில் நின்றபடி, விட்டுப்போன ஒரு கேள்வியை நினைத்துக்கொண்டிருந்தேன். கீழே மேற்குக் காற்று என்பதற்கு நிலநடுக்கோட்டுக் கதை சொன்னேன். மேலே ஏன் கிழக்குக் காற்று? இதற்கு 1857 இல் டச்சுக்காரர் பைஸ் பாலட் வெளியிட்ட ஒரு விதி உதவுகிறது: வடக்கு அரைக்கோளத்தில் காற்றுக்கு முதுகைக் காட்டி நின்றால், இடக்கைப் பக்கம் அழுத்தம் குறைவு, வலக்கைப் பக்கம் அதிகம். காற்று தாழ்வழுத்தத்துக்குள் நேராக விழாமல், வலப்பக்கம் திருப்பப்பட்டு, அதைச் சுற்றி வருவதால் நேர்வது இது.

ஆடியில் மேற்குக் காற்றுக்கு முதுகைக் காட்டினால் நான் கிழக்கே பார்க்கிறேன். இடக்கை வடக்கே நீள்கிறது. கங்கைச் சமவெளியின் தாழ்வழுத்தப் பகுதி அங்கேதான் இருக்கிறது. இப்போது மனத்தளவில் 14 கிலோமீட்டர் ஏறி, கிழக்குக் காற்றுக்கு முதுகைக் காட்டினால் மேற்கே பார்க்கிறேன். வடக்கே இப்போது வலக்கை நீள்கிறது, அங்கே அழுத்தம் அதிகம். ஒரே வடக்கு, கீழே தாழ்வு, மேலே உயர்வு. கோடையில் வட இந்தியாவும் திபெத்தும் சூடேறும்போது அங்குள்ள காற்றுத்தூண் முழுவதும் சோற்றுப்பானைபோலப் பொங்குகிறது. அதனால் மேல் மட்டத்தில் அழுத்தம் கூடுகிறது. மேலே வந்த காற்று வெளியே வழிந்துவிடுவதால் அடியில் அழுத்தம் குறைகிறது. தோப்பிலிருந்து நான் பார்த்த இரண்டு மேகங்களும் வடக்கே உள்ள அதே சூட்டைத்தான் எதிரெதிர்த் திசையில் சுற்றிக்கொண்டிருந்தன.

4 ஆகஸ்ட் 2025

இடக்கை விதியில் ஒரு திருத்தம். தரையோரக் காற்று உராய்வால் தளர்வதால் திருப்பமும் குறைகிறது. ஆகவே தாழ்வழுத்தம் சரியாக இடக்கையில் இல்லாமல் சற்று முன்புறமாக இருக்கும். தெருவில் அடிக்கும் காற்றை வைத்துப் பார்க்க வேண்டாம், மேகத்தின் ஓட்டத்தை வைத்துப் பாருங்கள். மலைகளுக்கிடையே உள்ள நம் ஊர்களில் வத்தல்மலையும் சித்தேரியும் காற்றை எப்படி வேண்டுமானாலும் மடக்கும்.

2 டிசம்பர் 2025

கடந்த ஆண்டு இதே நாளை நினைத்துக்கொண்டேன். ஃபெஞ்சல் புயல் 2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, எங்கள் வீட்டில் வடக்குச் சன்னல்கள் மட்டும் அடித்துக்கொண்டன. அப்போது இந்த விதி எனக்குப் பாடமாகத் தெரியும், பயன்படுத்தத் தெரியாது. வாடைக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தால் தெற்கே பார்த்து, இடக்கையைக் கிழக்கே நீட்டியிருப்பேன். முன்புறத் திருத்தத்தையும் சேர்த்தால் விரல் புதுச்சேரியைக் காட்டியிருக்கும். கரை கடந்தால் புயல் முடிந்தது என்று எண்ணிப் படுத்தோம். வலுவிழந்த அந்தத் தாழ்வு மெதுவாக உள்ளே வந்து, டிசம்பர் 2 காலை வரையிலான 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர், அரூரில் 33 சென்டிமீட்டர் மழையைக் கொட்டியது. ஊத்தங்கரையில் பேருந்து நிலையத்தருகே நின்ற வண்டிகளை வெள்ளம் அடித்துச் சென்றதை எல்லோரும் பார்த்தோம். காற்று தணிந்ததை நாங்கள் மழை தணிந்ததாக எடுத்துக்கொண்டோம்.

11 ஜனவரி 2026

மாமரங்கள் பூத்திருக்கின்றன. காலையில் பனி விலகியதும் பழைய தென்னை மட்டையின் கீழ் போய் நின்றேன். தாழ்ந்த மேகத் துணுக்குகள் கிழக்கிலிருந்து வந்தன. உயரத்தில் ஒரு கீற்று, காத்திருந்தேன், மட்டையின் கிழக்குப் பக்கம் நகர்ந்தது. ஜூலையில் பார்த்ததற்கு நேர் எதிர். குளிர்ந்து சுருங்கிய வடக்கின் காற்றுத்தூண் கீழே அழுத்தம் கூடியும் மேலே குறைந்தும் நிற்பதால், விதியின்படி இரண்டு காற்றும் இடம் மாறியிருக்கின்றன. தை பிறக்கும் நேரத்தில் மேல்காற்று மேலேயும் கீழ்காற்று கீழேயுமாக, தமிழும் வானமும் ஒத்துப்போகின்றன. தலைப்பை ஆடி வரை மாற்றப்போவதில்லை.